ஒரு மஞ்சள் பட்டையும் பத்து நாள் லீவும்

திரையின் மேல் ஓரத்தில் அந்த மஞ்சள் பட்டை இன்றைக்கும் இருந்தது.

இன்பசேகரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். இருந்தது. பட்டைக்குள் பொடி எழுத்தில் ஒரு வேண்டுகோள். 'இந்தச் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் இப்போது தன் சொந்தக் கோப்பில்தான் சேமித்து வைக்கிறது. இது ஒத்திகைக்கு மட்டுமே. தயவுசெய்து தனி டேட்டாபேஸ் ஒன்றை இணைக்கவும்.'

ஒரு மெஷின் தயவுசெய்து என்று கெஞ்சும்போது சும்மா இருக்கிற ரகம் இல்லை இன்பசேகரன். சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அறுபது ரூம் லாட்ஜ் ஒன்றில் அவன்தான் கம்ப்யூட்டர் ஆள். ஒரே ஆள். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், சிசிடிவி கேமராவில் சிலந்தி கூடு கட்டினாலும் அவன்தான். முன்பெல்லாம் ரூமில் ஏதாவது குறை என்றால் ரிசப்ஷனில் இருக்கும் நீள நோட்டில் எழுதுவார்கள். '304, வெந்நீர் வரவில்லை.' '112, ஃபேன் சத்தம்.' அந்த நோட்டை ஒழித்துவிட்டு, இலவசமாகக் கிடைத்த ஒரு புகார் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தவன் இன்பசேகரன். ஊழியர்கள் போனிலேயே புகாரைப் பதிய வேண்டியது, அதற்கு ஒரு நம்பர் விழும், வேலை முடிந்ததும் மூட வேண்டியது. ஒரு மாதமாக நன்றாகத்தான் ஓடியது. மஞ்சள் பட்டை ஒன்றுதான் உறுத்தல்.

அவன் முதலாளியின் அறைக்குப் போனான்.

முதலாளி முனிரத்னம் தெலுங்குக்காரர். வாலிபத்தில் மூன்று வருஷம் வேலூரில் படித்தவர். அதனால் தமிழர்களிடம் தமிழில்தான் பேசுவது என்று ஒரு வைராக்கியம் அவருக்கு. இன்பசேகரன் சித்தூரில் பத்தாவது வரை தெலுங்கு மீடியத்தில் படித்தவன்; அவனுடைய தெலுங்கு அவருடைய தமிழைவிட எவ்வளவோ தேவலை. ஆனாலும் அவன் தெலுங்கில் கேட்டால் அவர் தமிழில்தான் பதில் சொல்வார். தன் சம்சாரத்தைத் தெலுங்கு வழக்கப்படி 'அது' என்பார், 'அது இப்போதான் வந்துச்சு' என்பார். யாரும் திருத்தியதில்லை. மரியாதைக்காக ஒரு மனிதர் இவ்வளவு சிரமப்படும்போது யாருக்குத் திருத்த மனசு வரும்?

"வா இன்பா. உக்காரு. டிபன் துன்னியா?"

"ஆச்சு சார். சார், நம்ம புகார் சாஃப்ட்வேருக்கு தனியா ஒரு டேட்டாபேஸ் வெக்கணும் சார். பெரிய கம்பெனில எல்லாம் அப்படித்தான்."

"ஏன், இப்போ ஓடல்லியா?"

"ஓடுது சார். ஆனா மேல மஞ்சளா வருது."

முனிரத்னம் கொஞ்சம் யோசித்தார். "அதெல்லாம் அவசரம் இல்ல இன்பா."

இன்பசேகரனுக்கு நெகிழ்ந்துவிட்டது. வேறு முதலாளியாக இருந்தால் சாயங்காலத்துக்குள் முடி என்று கழுத்தைப் பிடித்திருப்பார். "ரொம்ப தேங்க்ஸ் சார். நிதானமாவே பண்றேன்."

முனிரத்னம் புருவத்தை உயர்த்தினார். அதற்குள் திருமலைக்குப் போக ஜீப் கேட்டு யாரோ போனில் வந்துவிட்டதால், அந்தப் புருவம் என்ன கேட்க வந்ததோ அது கேட்கப்படாமலே போயிற்று.

முதலாளிக்கு அவசரம் இல்லை. அவசரம் இன்பசேகரனுக்குத்தான் இருந்தது.

அவனுக்குக் கல்யாணம். பெண் கேசியா, சித்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவருக்கும் கல்யாணம் என்று ஆலயத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னும் ஒரு ஓலை பாக்கி. அதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, மாப்பிள்ளையும் பெண்ணும் போதகர் முன்னால் உட்கார்ந்து கல்யாண ஆலோசனை கேட்க வேண்டும். அது இல்லாமல் மூன்றாவது ஓலையை வாசிக்க மாட்டேன் என்று போதகர் கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணம் அதற்கு அடுத்த வியாழன். அதற்கு அடுத்த புதன் சாம்பல் புதன். நோன்புக் காலமான லெந்து நாட்கள் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் ஆலயத்தில் கல்யாணம் கிடையாது.

"ஏற்கெனவே உன் புது வேலைக்காக ஒரு வாட்டி தள்ளி வெச்சாச்சு," என்றாள் கேசியா போனில். "இன்னொரு வாட்டி தள்ளிப்போச்சுன்னா, வேற எவளையாவது கட்டிக்கோ. பத்து நாள் லீவு கேட்டியா இல்லியா?"

"கேக்கறேன் கேசியா. கையில ஒரு வேலை இருக்குது. அத முடிச்சி குடுத்துட்டு கேட்டாதான் மரியாதையா இருக்கும்."

"இன்னா வேலை?"

"ரிலேஷனல் டேட்டாபேஸ்."

அந்தப் பக்கம் அவள் அப்பா ஏதோ கேட்டார். "நைனா கேக்கறாரு, ரிலேஷன்னா சொந்தக்காரங்க லிஸ்டா? அப்படின்னா எங்க பக்கத்து லிஸ்டையும் அதுலயே ஏத்திட முடியுமான்றாரு."

டேட்டாபேஸை அப்படிப் புரிந்துகொள்வதில் தப்பொன்றும் இல்லை. அது கட்டம் போட்ட நாலைந்து நோட்டுகள்தான். ஒன்றில் ரூம்கள், ஒன்றில் ஊழியர்கள், ஒன்றில் புகார்கள். எந்த ரூமின் புகார், அதை எந்த ஊழியர் பதிந்தார் என்று இந்த நோட்டுகளுக்குள் சொந்தம் கட்டிவிட வேண்டும். சொந்தம் கட்டுவது சுலபம். அதற்குப் பிறகுதான் தொல்லை என்பது கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும். இன்பசேகரனுக்கு இன்னும் ஆகவில்லை.

லக்கேஜ் வைக்கிற அறையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி, அதில் டேட்டாபேஸை ஏற்றி, பெயர் வைத்து, பாஸ்வேர்டு வைத்து, புகார் சாஃப்ட்வேரை அதோடு இணைத்தான். மஞ்சள் பட்டை மறைந்தது. இரண்டு மணி நேரம் அவனைவிடச் சந்தோஷமான மனிதன் திருப்பதியில் இல்லை.

செல்லியம்மா கையில் போனோடு வாசலில் வந்து நின்றாள். தமிழும் தெலுங்கும் பேசுகிற எல்லை ஊரான பிச்சாட்டூர்க்காரி. ரூம் சுத்தம் செய்கிற பெண்களுக்கு மேஸ்திரி மாதிரி. இருபது வருஷமாக இங்கே இருக்கிறவள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"தம்பி, 304காரங்க எதுக்குபா இத்தினி கேள்வி கேக்கறாங்க?"

"இன்னா கேள்வி செல்லிக்கா?"

"நீயே பாரு."

போனில் இப்படி இருந்தது. '304: ???? ?????? ????'

"நானும் மேல போயி, இன்னா கேக்கணுமோ நேரா கேளுங்கன்னு நின்னேன். அவங்க மெரண்டு போயி கதவ சாத்திக்கினாங்க."

இன்பசேகரனுக்கு விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. இந்த டேட்டாபேஸுக்கு எந்தெந்த எழுத்து தெரிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. அதற்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். ஊழியர்கள் பதிகிறதோ தெலுங்கில். தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் அது நேர்மையாக ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருந்தது. காலையிலிருந்து வந்த புகார்கள் நாற்பத்தொன்று. நாற்பத்தொன்றும் கேள்விகள்.

அழித்துவிட்டு முதலிலிருந்து கட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தப் புகார்கள்?

"அக்கா, ஒரு ஒத்தாசை. உங்க ஆளுங்கள விட்டு ரூம் ரூமா போய், நீங்க எதனா புகார் சொன்னீங்களான்னு கேட்டுக்கினு வரச் சொல்லுங்க."

போனார்கள். கேட்டார்கள். புகார் சொன்னவர்கள் மறுபடி சொன்னார்கள். சொல்லாதவர்களும், இப்படி வலிய வந்து கேட்கிறார்களே என்று யோசித்துப் பார்த்து, ஆளுக்கு ஒன்றிரண்டு சொன்னார்கள். நாற்பத்தொன்றாகப் போனது தொண்ணூற்றேழாகத் திரும்பி வந்தது.

தரையில் ஒயர்களுக்கு நடுவில் அவன் உட்கார்ந்திருந்தபோது முனிரத்னம் எட்டிப் பார்த்தார்.

"இன்னா பண்ணிக்கினு இருக்கே இன்பா?"

"டேட்டாபேஸ்தான் சார்."

"நான் அவசரம் இல்லன்னு சொன்னேனே?"

"சொன்னீங்க சார். அதான் பொறுமையா, தரையில உக்காந்து, பண்ணிக்கினு இருக்கறேன்."

முனிரத்னம் தலையைச் சொறிந்தார். "கல்யாணப் பையன்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மதியத்துக்குள் டேட்டாபேஸ் தெலுங்கு கற்றுக்கொண்டது. போனஸாகத் தமிழும். ஆனால் தொண்ணூற்றேழு புகார்கள் குவிந்து கிடந்தால் எலக்ட்ரீஷியன் எதை முதலில் பார்ப்பான்? இன்பசேகரன் ஒரு புதுக் கட்டம் சேர்த்தான். புகார் பதிகிற ஒவ்வொருவரும் கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வி, தெலுங்கு எழுத்தில். 'அவசரமா?' ஆம் அல்லது இல்லை. ஆம் என்றால் சிவப்பு. பழைய புகார்களுக்கும் பதில் போடச் சொல்லி எல்லார் போனுக்கும் தகவல் அனுப்பினான்.

மாலைக்குள் தொண்ணூற்றேழும் சிவப்பு.

'205, இன்னொரு டவல், அவசரம்.' '118, சோப்பு, அவசரம்.' '401, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியவில்லை, மலை தெரிகிற ரூம், அவசரம்.' எலக்ட்ரீஷியன் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தான், கீழிருந்து மேலே பார்த்தான், டீ குடிக்கப் போய்விட்டான்.

"கன்னிகா!" என்று ரிசப்ஷனுக்கு ஓடினான் இன்பசேகரன். கன்னிகா ரிசப்ஷனிஸ்ட், தெலுங்குப் பெண், தமிழும் பேசுவாள். "எல்லாத்தையும் அவசரம்னு போட்டிருக்கீங்களே, சோப்புக்கு இன்னாம்மா அவசரம்?"

"சோப்பு அவசரம்தான் அண்ணா. சோப்பு இல்லாம எட்லா குளிப்பாங்க?"

"அதுக்குன்னு மலை தெரியறது கூடவா அவசரம்?"

"அவங்களுக்கு அவசரம். அவசரம் இல்லாதத யாரு அண்ணா கேப்பாங்க?"

இன்பசேகரன் நெற்றியில் அடித்துக்கொண்டான். மனசு தமிழில் யோசித்திருக்கிறது, கை தெலுங்கில் எழுதியிருக்கிறது. தெலுங்கில் அவசரம் என்றால் சீக்கிரம் இல்லை. தேவை. 'இது தேவையா?' என்று கேட்டால் எந்த மனிதன் இல்லை என்பான்?

இந்தக் கண்டுபிடிப்பை அவனால் அடக்கி வைக்க முடியவில்லை. துணி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த செல்லியம்மாவை நிறுத்தினான்.

"செல்லிக்கா, இன்னா ஆச்சு தெரியுமா? தமிழ் அவசரம் வேற, தெலுங்கு அவசரம் வேற. ரெண்டையும் கலந்துட்டேன்!"

"இத்த கண்டுபுடிக்கத்தான் இத்தினி நேரம் பொட்டி தட்டினியா? பிச்சாட்டூர்ல ஆடு மேய்க்கறவனுக்குக் கூட தெரியும்பா."

"ஒரே ஒரு ரூல்தான் அக்கா. தெலுங்குல பேசினா தெலுங்கு அர்த்தம், தமிழ்ல பேசினா தமிழ் அர்த்தம். அத்த மட்டும் பாத்துக்கினா போதும், குழப்பமே வராது."

"நல்ல ரூலு," என்றாள் செல்லியம்மா, மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு.

மறுநாள் திங்கட்கிழமை, கேள்வியை மாற்றினான். 'இப்போதா, இன்றைக்கா, நாளைக்கா?' இது வேலை செய்தது. அந்த உற்சாகத்தில் ஊழியர் பட்டியலையும் சுத்தம் செய்துவிடலாம் என்று இறங்கினான். எப்போதும் இப்படித்தான். ஒன்று சரியாகிவிட்டால் அடுத்ததைத் தொடாமல் அவனால் இருக்க முடியாது.

பட்டியலில் ரங்கய்யா என்று ஒரு பெயர் இருந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வேலையை விட்டுவிட்டு மகளோடு பெங்களூர் போய்விட்டவர். போனவர் பெயர் எதற்கு? அழித்தான்.

தொண்ணூற்றேழு புகார் ஒன்பதாகிவிட்டது.

ஒரு கணம் அவன் மகிழ்ந்தே போனான். எலக்ட்ரீஷியன் இவ்வளவு வேகமா? பிறகுதான் புரிந்தது. சொந்தம் கட்டும்போது, ஓர் ஊழியரை எடுத்தால் அவரைச் சேர்ந்தவை எல்லாம் கூடவே போகட்டும் என்று அவனே ஒரு கட்டளை கொடுத்திருந்தான். கல்யாண லிஸ்டிலிருந்து ஒரு சித்தப்பாவை எடுத்தால், சித்தி, பிள்ளைகள், சித்தியின் தம்பி எல்லாரும் சேர்ந்து போய்விடுவது மாதிரி.

ஆனால் இல்லாத ரங்கய்யாவுக்கு ஏது எண்பத்தெட்டு புகார்?

"அது வந்து அண்ணா," என்றாள் கன்னிகா, "எல்லாரும் ரங்கய்யா பேருலதான் உள்ள போவாங்க. அவரு பாஸ்வேர்டு ஈஸி. ஒன்னு ரெண்டு மூணு நாலு."

அழிந்த எண்பத்தெட்டில் ஒன்று, 'லிஃப்ட் இரண்டாம் மாடி தாண்டும்போது நின்று நின்று போகிறது, இப்போது.'

லிஃப்ட் பதினொன்றரை மணிக்கு இரண்டாம் மாடியைத் தாண்டி நின்றது. இந்தத் தடவை போகவில்லை. உள்ளே புது மொட்டையடித்த ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பம், அவர்களுடைய கைக்குழந்தை, முதலாளி முனிரத்னம். கதவைத் திறக்க நாற்பது நிமிஷம் ஆயிற்று. குழந்தை நாற்பது நிமிஷமும் அழுதது. அதன் தலைச் சந்தனம் முழுக்க முனிரத்னத்தின் வெள்ளைச் சட்டையில் இருந்தது.

அவர் நேராக லக்கேஜ் அறைக்கு வந்தார். இன்பசேகரன் எழுந்து நின்றான். வேலை போயிற்று என்று முடிவே செய்துவிட்டான்.

"இன்பா," என்றார் முனிரத்னம், மூச்சு வாங்கிக்கொண்டு. "நான் முதல் நாளே சொன்னேன். அவசரம் இல்ல. அவசரமே இல்ல."

இன்பசேகரனுக்குக் கண் கலங்கியது. இத்தனைக்குப் பிறகும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாமல், நிதானம் தப்பியதை மட்டும் சுட்டிக் காட்டுகிறாரே!

"தப்புதான் சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன். இனிமே இன்னும் பொறுமையா, ஒண்ணு ஒண்ணா செக் பண்ணி பண்றேன் சார்."

முனிரத்னம் விரலை நீட்டினார். ஏதோ சொல்ல வந்தவர், தமிழில் அதற்கு வார்த்தை அகப்படாமலோ என்னவோ, சந்தனச் சட்டையை உதறிக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை ஆகியும் டேட்டாபேஸ் முடியவில்லை. அவ்வளவு பொறுமையாகச் செய்தான். இனிமேல் தாங்காது என்று லீவு லெட்டரை எழுதி, மேலே கல்யாணப் பத்திரிகையையும் வைத்து, முதலாளியின் மேஜை மேல் வைத்தான்.

"சார், வெள்ளிக்கிழமைலேர்ந்து பத்து நாள். லீவு லெட்டர் சார்."

முனிரத்னம் பத்திரிகையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லெட்டரை அவன் பக்கமே நகர்த்தினார். "லெட்டரா? லெட்டர் எல்லாம் அவசரம் இல்ல இன்பா. போ, போ."

கையை வேறு வீசிக் காட்டினார். இன்பசேகரன் போனான். லக்கேஜ் அறைக்கு.

"குடுத்தியா?" என்றாள் கேசியா போனில்.

"குடுத்தேன். அவசரம் இல்லன்னு திருப்பி குடுத்துட்டாரு."

"அவருக்கு அவசரம் இல்லன்னா? நமக்கு அவசரம்னு சொல்ல வேண்டியதுதானே!"

"எப்படி சொல்றது? லிஃப்ட்ல வேற மாட்டிக்கினு..."

"யாரு லிஃப்ட்ல மாட்டிக்கினது?"

"அது பெரிய கதை. இந்த டேட்டாபேஸ முடிச்சி குடுத்தாதான் விடுவாரு போல. நாளைக்குள்ள முடிச்சிடறேன்."

கேசியா குரலைத் தாழ்த்தினாள். "இன்பா, நான் விளையாட்டுக்கு சொல்லல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு பாஸ்டர் முன்னாடி ரெண்டு நாற்காலி போட்டிருப்பாங்க. ஒண்ணுல நான் இருப்பேன். இன்னொண்ணு காலியா இருந்துச்சுன்னா, நான் எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன். அவ்வளோதான்."

அவள் செய்யக்கூடியவள்தான்.

வியாழக்கிழமை காலை அவனுடைய நாற்காலியில் வேறு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சொந்த மவுஸை ஒரு துணிப் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"என் பேரு ரவி. சார் வரச் சொன்னாரு. பத்து நாளைக்கு இந்த சீட்ல இருந்து பாக்கச் சொன்னாரு."

பத்து நாள்! ஆள் எப்படி என்று பத்து நாள் பார்த்துவிட்டு, பிறகு நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். இன்பசேகரனையும் அப்படித்தான் முதலில் வைத்தார்கள்.

ரவி திரையை உற்றுப் பார்த்தார். "எதுக்குபா இந்த லாட்ஜுக்கு தனி டேட்டாபேஸு? அதுபாட்டுக்கு ஓடிக்கினு இருந்திருக்குமே."

"மஞ்சளா வந்துச்சு," என்றான் இன்பசேகரன் ரோஷத்தோடு.

அவன் லக்கேஜ் அறையில் ஒரு சூட்கேஸ் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தான். வேலையை முடித்துக் காட்டினால் முதலாளியின் மனசு மாறும். மனசு மாறினால் லீவு. லீவு கிடைத்தால் போதகர் முன்னால் அந்த நாற்காலி. வியாழன் முழுக்க அதே நினைப்பு. எழுத்து சரி. சொந்தங்கள் சரி. ஆளை எடுத்தாலும் புகார் போகாது. ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்தது. மஞ்சள் பட்டை இல்லை. புகார்கள் எத்தனை என்று பார்த்தான். பூஜ்யம்!

ரிசப்ஷனுக்கு ஓடினான். "கன்னிகா, பாத்தியா? நாலு நாளா ஒரு புகார் கூட இல்ல!"

கன்னிகா எதையோ கவுன்டருக்கு அடியில் தள்ளினாள். நீளமாக இருந்தது.

"அது இன்னா?"

"ஒண்ணுமில்ல அண்ணா... நோட்டு. லிஃப்ட் கதைக்கு அப்புறம் எல்லாரும் இதுலதான் எழுதறோம். நீங்க கஷ்டப்பட்டு வேலை செய்யறப்போ எதுக்கு சொல்லணும்னு..."

அவன் திரும்பினான். எதிரே முனிரத்னம் வந்துகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முகம் சிவந்தது.

"இன்பா! நீ இன்னும் போகல்லியா?"

"சார், டேட்டாபேஸ் முடிஞ்சி..."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை! உன் சீட்டுக்கு ஆள் கூட வந்தாச்சு! இன்னும் இங்கே இன்னா வேலை உனக்கு? போ!"

லாபியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்பசேகரன் பையை எடுத்துக்கொண்டான். ரவி அவனுக்கு ஒரு கும்பிடு போட்டார். அவன் பதில் கும்பிடு போடவில்லை.

முன்வாசல் வழியாகப் போக வெட்கமாக இருந்ததால் பின்பக்கமாகப் போனான். அங்கே கொடியில் பெட்ஷீட்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. செல்லியம்மா ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த பக்கெட் ஒன்றின் மேல் அவன் உட்கார்ந்தான்.

"இன்னா தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்கறே?"

"வேலை போச்சு செல்லிக்கா. எல்லாம் போச்சு."

"யாரு சொன்னது?"

"சாரே எல்லார் முன்னாடியும் போன்னு சொல்லிட்டாரு. மணி பன்னண்டாவுது. சித்தூருக்கு பஸ்ல ரெண்டு மணி நேரம். ஏறினா அஞ்சு மணிக்குள்ள போயிடலாம். ஆனா இன்னா மூஞ்ச வெச்சிக்கினு போறது? வேலை இல்லாத மாப்பிள்ளைக்கு அவங்க நைனா பொண்ணு குடுப்பாரா?" பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். "நான் இன்னா தப்பு பண்ணேன் சொல்லுங்க. டேட்டாபேஸ் வெக்கறேன்னு முதல் நாளே கேட்டேன். அவசரம் இல்லன்னாரு. சரின்னு நிதானமா பண்ணேன். லிஃப்ட்லேர்ந்து வந்தப்போவும் அவசரமே இல்லன்னாரு. இன்னும் நிதானமா பண்ணேன். லீவு லெட்டர் குடுத்தேன். அதுக்கும் அவசரம் இல்ல, போன்னாரு. எல்லாத்துக்கும் அவசரம் இல்லன்னு சொல்லிட்டு, இன்னிக்கு இன்னும் போகலியான்னு கத்தறாரு. அவரு மனசுல இன்னாதான் இருக்குது?"

செல்லியம்மா பெட்ஷீட்டின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு உதறினாள். உதறியவள் பாதியில் நின்றாள்.

"அது சரி தம்பி, சார் சொன்னது தமிழ் அவசரமா, தெலுங்கு அவசரமா?"